அப்பாவின் பிரஷர் கணக்கு யார் யார் கண்ணில் படுகிறது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும். நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 71 வயது. இதயம் பலவீனமாகிவிட்டது, சர்க்கரையும் இருக்கிறது. பிரஷர் மெஷின், பல்ஸ் ஆக்சிமீட்டர், சர்க்கரை பார்க்கும் மீட்டர், எடை மெஷின் ஆகியவற்றை வீட்டில் வைத்து, அளவுகளைத் தினமும் தஞ்சாவூரிலிருந்தே பார்த்துக்கொள்ளும் திட்டத்தில் சேரும்படி மருத்துவமனை சொல்கிறது. அம்மாவின் போனில் ஒரு செயலியை ஏற்றவேண்டும். நீங்கள் சிங்கப்பூரில், அக்கா கும்பகோணத்தில். ‘இந்தத் தகவல்கள் எங்கே போகின்றன, யார் பார்க்கிறார்கள், நம்பிக் கையெழுத்துப் போடலாமா?’ என்பது உங்கள் கேள்வி.

போடலாம். பயந்து விட்டுவிடாதீர்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு உடம்பில் நீர் கோக்கத் தொடங்குவதை, மூச்சுத் திணறல் வருவதற்கு முன்பே எடை காட்டிவிடும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்பது இதய மருத்துவத்தில் பரவலாகக் கையாளப்படும் கணக்கு. அது செவிலியரின் திரையில் அன்றைக்கே தெரிந்துவிட்டால் பெரும்பாலும் மாத்திரையின் அளவை மாற்றுவதோடு முடியும். தெரியாமல் போனால் நடுராத்திரியில் ஆம்புலன்ஸ் தேடவேண்டிவரும்.

ஆகவே கீழே எழுதியிருப்பவை திட்டத்தைத் தள்ளிவிடுவதற்கான காரணங்கள் அல்ல. சேருவதற்கு முன்பும் பின்பும் செய்யவேண்டியவை. டெல்டா மாவட்ட மருத்துவமனைகளில் நோயாளிகளின் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலையிலும், பிறகு அவற்றைக் காக்கும் வேலையிலும் நீண்டகாலமாக இருக்கிறேன். நான் பார்த்தவரை, வீட்டுக் கண்காணிப்பில் தகவல் அதிகமாக வெளியே போவது வீட்டுக்குள்ளிருந்தும், போனிலிருந்தும், மருத்துவமனைக்குள் வேலை சுலபமாக முடியட்டும் என்று எடுக்கப்படும் குறுக்குவழிகளிலிருந்தும்தான். எங்கோ உட்கார்ந்திருக்கும் கணினித் திருடனைப் பற்றிய கவலை அதற்குப் பிறகு வரட்டும். இவற்றில் பாதியை உங்கள் குடும்பமே சரிசெய்துகொள்ள முடியும்.

ஓர் அளவு எந்த வழியில் போகிறது என்று பாருங்கள். அப்பா கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்துகிறார். 150, 90 என்று வருகிறது. அது புளூடூத் வழியாக அம்மாவின் போனுக்கோ, மருத்துவமனை கொடுக்கும் சிம் போட்ட சிறு பெட்டிக்கோ போகிறது. அங்கிருந்து இணையம் வழியாக, இந்தச் சேவையை நடத்தும் நிறுவனத்தின் சர்வருக்கு. பல இடங்களில் இது மருத்துவமனையின் சொந்த சர்வராக இருப்பதில்லை. வேறொரு நிறுவனம், அதுவும் இன்னொருவரிடம் வாடகைக்கு எடுத்த இடத்தில் வைத்திருக்கும். கடைசியில் தஞ்சாவூரில் உள்ள திரைக்கு வருகிறது. அமெரிக்காவில் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் என்.ஐ.எஸ்.டி. 2022இல் வெளியிட்ட வழிகாட்டியும் நோயாளியின் வீடு, சேவை நிறுவனம், மருத்துவமனை என்று மூன்றாகப் பிரித்துத்தான் இதைப் பார்க்கிறது. மூன்று இடத்திலும் கேட்கவேண்டியவை இரண்டு: யாரால் பார்க்க முடியும், யாரால் மாற்ற முடியும். இரண்டாவதைப் பலரும் கேட்பதே இல்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் கேட்கவேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். நம் ஊர்ப்பக்கம் ஒரு வீட்டுக்கு பிரஷர் மெஷின் வந்துவிட்டால் அது அந்த வீட்டுக்கு மட்டும் வந்ததாக இருப்பதில்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா தலைசுற்றுகிறது என்று வருவார். வயலிலிருந்து திரும்பும் சித்தப்பா ‘எனக்கும் ஒரு தடவை பாரேன்’ என்று திண்ணையில் உட்கார்ந்து கையை நீட்டுவார். அம்மா மறுக்கமாட்டார், மறுக்கவும் கூடாது. ஆனால் அவர்களுடைய அளவும் அப்பாவின் கணக்கில் ஏறிவிடும். தஞ்சாவூர் செவிலியர் பார்ப்பது காலையில் 110, பதினொரு மணிக்கு 178, மாலையில் 122. இவற்றில் எது அப்பாவுடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இதை நம்பி மருந்தைக் கூட்டினால் அப்பா மயங்கி விழ நேரலாம். எந்தத் திருடனும் இல்லாமலே பதிவு கெட்டுப்போகிறது. கூடவே, பெரியம்மாவின் உடல்நிலை அவருக்கே தெரியாமல் ஒரு நிறுவனத்தின் சர்வரில் ஏறிவிடுகிறது.

இதற்கு எளிய வழி, புளூடூத் இல்லாத சாதாரண பிரஷர் மெஷின் ஒன்றைத் தனியாக வாங்கி வைத்துவிடுவது. வருகிறவர்களுக்கு அது, அப்பாவுக்கு மட்டும் இது. யார் மனமும் நோகாது. இரண்டாவது மெஷின் கட்டுப்படியாகாது என்றால், மருத்துவமனை தரும் மெஷினில் இரண்டு பேருக்கான பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பல மெஷின்களில் இருக்கும். ஆனால் அவசரத்தில் அந்தப் பொத்தானை யாரும் மாற்றி வைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடை மெஷினுக்கும் இதே கதைதான். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் ஏறி நின்றால் அப்பாவின் எடை ஒரே நாளில் 68லிருந்து 31க்கு இறங்கிவிடும். அதை யாரும் நம்பமாட்டார்கள், அதனால் ஆபத்தும் இல்லை. அப்பாவின் எடைக்குக் கிட்டத்தட்ட சமமான ஒருவர் ஏறினால்தான் சிக்கல். தவறான அளவு ஏறிவிட்டால் அதை நீக்கவோ, இது அவருடையது அல்ல என்று குறித்துவைக்கவோ செயலியில் வழி இருக்கிறதா என்று கேளுங்கள். நீக்கினாலும் நீக்கியதற்கான தடயம் பதிவில் இருக்கவேண்டும். தடயமில்லாமல் அழிக்க முடிகிற பதிவேட்டை எந்த மருத்துவரும் நம்பக்கூடாது.

அடுத்தது அம்மாவின் போன். அந்தப் போனைத் திறக்க எண் இருக்கிறதா? இருந்தால் அது எத்தனை பேருக்குத் தெரியும்? ரீசார்ஜ் கடையில் கொடுக்கும்போது, செல்போன் கடையில் திரை மாற்றக் கொடுக்கும்போது, திறக்கும் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். அந்தப் போனுக்குள் அப்பாவின் உடல்நிலை முழுவதும் இருக்கிறது. செயலிக்கென்று தனிப் பூட்டு வைத்துக்கொள்ள வழி இருந்தால் வையுங்கள். போன் பழுதுபார்க்கப் போகும்போது செயலியிலிருந்து வெளியேறிவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு இதெல்லாம் சிரமம் என்றால், மருத்துவமனையிடம் சிம் போட்ட பெட்டியைக் கேளுங்கள். அளவுகள் போனைத் தொடாமல் நேரே போய்விடும். நம் ஊருக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. அப்போது போனை யாருக்குக் கொடுத்தாலும் கவலை இல்லை.

போனை விடப் பெரிய சங்கதி போன் நம்பர். சரியாக ரீசார்ஜ் செய்யாமல் விட்டு இணைப்பு துண்டிக்கப்பட்டால், அந்த நம்பர் 90 நாள் காத்திருப்புக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். மருத்துவமனைப் பதிவில் பழைய நம்பரே இருந்தால், ‘நோயாளியின் ஆக்சிஜன் அளவு குறைந்துள்ளது’ என்ற அவசரச் செய்தி முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்குப் போகும். உள்நுழைவதற்கான ஓடிபியும் அவருக்கே போகும். அம்மாவின் நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து ரீசார்ஜ் செய்வதை உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், சிங்கப்பூரிலிருந்தே செய்யலாம். நம்பர் மாறினால் அன்றே மருத்துவமனைக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

செயலியை ஏற்றும்போது அது இருப்பிடத்தைக் கேட்டால் உடனே சந்தேகப்பட வேண்டாம். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் புளூடூத் கருவியைத் தேடுவதற்கே இருப்பிட அனுமதி தேவைப்பட்டது. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், பக்கத்துக் கருவிகளைத் தேடும் அனுமதி தனியாகப் பிரிக்கப்பட்டது. அம்மாவின் போன் பழையது என்றால் ‘செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்று கொடுங்கள். ஆனால் தொடர்பு எண்கள், புகைப்படங்கள், அழைப்புப் பட்டியல் ஆகியவற்றைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். பிரஷர் பார்க்க அவை எதற்கு? மறுத்ததும் செயலி வேலை செய்ய மறுத்தால், அதை மருத்துவமனையிடம் நேரடியாகக் கேளுங்கள். இந்தக் கவலைக்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் மருந்துத் தள்ளுபடிச் சேவையான குட்ஆர்எக்ஸ், பயனாளிகளின் நோய், மருந்து விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்று 2023இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. இலவசமாகக் கிடைக்கும் சர்க்கரைக் கணக்குச் செயலிகளை அப்பாவுக்காகத் தனியே ஏற்றிவைக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

புளூடூத்தையே இடையில் ஒட்டுக்கேட்க முடியாதா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும். எந்த எண்ணும் கேட்காமல் தானாக இணைந்துகொள்ளும் கருவிகள் பல உண்டு. அந்த முறையில் நடுவில் ஒருவன் புகுவதைத் தடுக்கும் உறுதி கிடையாது. ஆனால் அவன் உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கவேண்டும். உங்கள் கிராமத்தில் புதிதாக ஒருவன் வாசலில் நின்றால் தெருவே விசாரிக்கும். இதற்காகத் தூக்கம் கெடவேண்டாம். முதல்முறை இணைப்பதை மருத்துவமனை ஆள் வந்து வீட்டுக்குள் வைத்துச் செய்யட்டும், அது போதும்.

வாட்ஸ்அப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நான் அறிந்த ஒரு மருத்துவமனையில், கண்காணிப்புத் திட்டத்தில் இருந்தவர்களின் அளவுகளைப் பகிர்ந்துகொள்ள ஊழியர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். நோயாளியின் பெயர், ஊர், வயது, நோய், திரையின் படம் எல்லாம் அதில் வரும். மருத்துவர்கள், செவிலியர்கள், கருவி பொருத்தும் நிறுவனத்தின் ஆள், மருந்துக் கடைக்காரர் எல்லோரும் உறுப்பினர்கள். வேலையை விட்டுப் போனவர்களையும் யாரும் நீக்கவில்லை. கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. மருத்துவர் சீக்கிரம் பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் தொடங்கினார்கள். ஆனால் இருநூறு குடும்பங்களின் உடல்நிலை முப்பது பேரின் பாக்கெட்டில் இருந்தது. வாட்ஸ்அப் 2016 முதல் செய்திகளை முனைக்கு முனை குறியாக்கம் செய்துதான் அனுப்புகிறது, வழியில் யாரும் படிக்க முடியாது என்பது உண்மை. போய்ச் சேர்ந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. படம் போனின் கேலரியில் தானாகச் சேமிக்கப்படுகிறது, பேக்கப்பில் ஏறுகிறது, அங்கிருந்து இன்னொரு குழுவுக்குத் தாவுகிறது. கையெழுத்துப் போடும் முன் நேரடியாகக் கேளுங்கள்: ‘அப்பாவின் விவரங்களை வாட்ஸ்அப் குழுவில் போடுவீர்களா?’ தயங்கினார்கள் என்றால் அதுவே பதில். போடக்கூடாது என்று படிவத்தில் எழுதிக் கொடுங்கள்.

உங்கள் குடும்பக் குழுவுக்கும் இது பொருந்தும். அத்தை, மாமா, சம்பந்தி வீட்டார் என்று எல்லோரும் இருக்கும் குழுவில் அப்பாவின் தினசரி அளவைப் போடவேண்டாம். விசாரிப்பவர்கள் பாசத்தில் விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு ‘நன்றாக இருக்கிறார்’ என்ற பதில் போதும். டெல்டாவில் இதை நான் வலியுறுத்தக் காரணம் நிலம். உயில் எழுதியவர், பத்திரத்தில் கையெழுத்திட்டவர், அன்றைக்குத் தெளிந்த மனநிலையில் இருந்தாரா என்பது சொத்து வழக்குகளில் வழக்கமாக எழும் வாதம். சர்க்கரை தாழ்ந்து குழம்பிய நாட்கள், மறதிக்கு ஏதாவது மாத்திரை கொடுத்திருந்தால் அது, எல்லாம் தேதியோடும் மணியோடும் செயலியில் பதிந்திருக்கும். இன்று ஒற்றுமையாக இருக்கும் குடும்பத்திலும் நாளை பாகப்பிரிவினை வரும். அப்பாவின் உடல்நிலைப் பதிவு அப்பாவுக்கு எதிரான சாட்சியமாகக் கண்டவர் கையில் இருக்கக்கூடாது.

வெளியாட்கள் இதை வைத்து என்ன செய்வார்கள் என்று பலர் கேட்கிறார்கள். 150, 90 என்ற எண் மட்டும் யாருக்கும் பயன்படாது. பெயர், போன் நம்பர், ஊர், எந்த மருத்துவமனை, என்ன நோய், பிள்ளை வெளிநாட்டில் என்ற ஆறும் ஒரே வரியில் சேர்ந்தால் அது மோசடிக்காரனுக்குத் தங்கம். ‘உங்கள் அப்பாவை இப்போதுதான் சேர்த்திருக்கிறோம், உடனே ஸ்டென்ட் வைக்கவேண்டும், பணம் அனுப்புங்கள்’ என்று மருத்துவமனையின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் சரியாகச் சொல்லி ஒரு குரல் சிங்கப்பூருக்கு அழைத்தால் உங்களுக்கு யோசிக்கத் தோன்றுமா? அதற்கு இப்போதே ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பணம் கேட்டு யார் அழைத்தாலும், அக்காவை அழைத்து உறுதிசெய்யாமல் அனுப்புவதில்லை என்று குடும்பத்தில் முடிவுசெய்யுங்கள். ஏமாந்துவிட்டால் இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்கவேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு உண்டு.

இனி சேவை நிறுவனத்துக்கும் மருத்துவமனைக்கும் வருகிறேன். இங்கே உங்களால் எதையும் நேரில் சோதிக்க முடியாது. கேட்டு எழுத்தில் வாங்கத்தான் முடியும். கருவியிலிருந்து சர்வர் வரையிலும், சர்வரில் இருக்கும்போதும் தகவல் குறியாக்கம் செய்யப்படுகிறதா? ஒவ்வொரு செவிலியருக்கும் தனித்தனி உள்நுழைவு உண்டா, அல்லது ‘நர்ஸ்1’ என்று எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்துகிறார்களா? யார் எப்போது அப்பாவின் பதிவைத் திறந்தார்கள் என்ற குறிப்பு சேமிக்கப்படுகிறதா? எந்த அளவைத் தாண்டினால் எச்சரிக்கை வரவேண்டும் என்பதை யாரெல்லாம் மாற்ற முடியும்? கருவியில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதைச் சரிசெய்யும் புதுப்பிப்பை யார் தருவார்கள்? இவற்றில் ஒரே கேள்விதான் கேட்க நேரம் இருக்கிறது என்றால், தனித்தனி உள்நுழைவைப் பற்றிக் கேளுங்கள். ஒரே கடவுச்சொல்லைப் பத்துப் பேர் பயன்படுத்தும் இடத்தில், மற்ற பாதுகாப்புகள் எவ்வளவு இருந்தாலும் தவறு நடந்தபின் யார் செய்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

கருவிகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். 2025 ஜனவரி இறுதியில், கான்டெக் நிறுவனத்தின் சி.எம்.எஸ். 8000 என்ற நோயாளி கண்காணிப்புக் கருவியில் பின்வாசல் ஒன்று, அதாவது வெளியாள் உள்ளே புக வழிவிடும் மறைவான வழி, இருப்பதாகவும், இணையத்தில் இணைத்தால் நோயாளியின் விவரங்களை வெளியே அனுப்பக்கூடியது என்றும் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் எஃப்.டி.ஏ.வும் அந்நாட்டு இணையப் பாதுகாப்பு அமைப்பும் எச்சரித்தன. அந்தக் கருவி படுக்கையருகே வைக்கும் பெரிய வகை. உங்கள் வீட்டுக்கு வரப்போவது அதுவல்ல. ஆனாலும் தரப்போகும் ஒவ்வொரு கருவியின் தயாரிப்பாளர் பெயரையும் மாடல் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இப்படி ஓர் எச்சரிக்கை வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மருத்துவமனைப் பக்கம் நடக்கக்கூடியதற்கு எய்ம்ஸ் உதாரணம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் தாக்கப்பட்டு, பதிவுச் சீட்டு முதல் பரிசோதனை முடிவுவரை இரண்டு வாரம்போலக் கையால் எழுதியே சமாளித்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. தஞ்சாவூர் மருத்துவமனையிடம் ‘உங்கள் கணினி ஒரு வாரம் நின்றுபோனால் அப்பாவை எப்படிக் கவனிப்பீர்கள்?’ என்று கேட்பதில் தவறே இல்லை.

நம் பகுதிக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கஜா கரையைக் கடந்தபிறகு நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. டவர்களும் செயலிழந்தன. தகவல் திருடு போகாமல் காப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. வேண்டிய நேரத்தில் கிடைக்கவும் வேண்டும். மின்சாரமும் சிக்னலும் இல்லாதபோது பெட்டி அளவுகளைச் சேமித்துவைத்து, பிறகு சரியான நேரக் குறிப்போடு அனுப்புமா என்று கேளுங்கள். அளவு வராமல் நின்றுவிட்டால் எத்தனை மணி நேரத்தில் யார் யாரை அழைப்பார்கள் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். திரையில் அமைதியாக இருப்பதை ‘நன்றாக இருக்கிறார்’ என்று எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஆபத்தானது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அம்மா ஒரு நோட்டிலும் அளவுகளை எழுதி வரட்டும். அந்த நோட்டைக் காலண்டர் ஆணியில் மாட்டாமல் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது அரசுப் பதிவு, இது தனியார் பதிவு. ஒன்றின் கடவுச்சொல்லையோ செயலியையோ மற்றதற்குக் காட்டவேண்டிய தேவையில்லை. ஆனால் தனியார் மருத்துவர் மாற்றிய மருந்துகளைத் தன்னார்வலரிடம் சொல்லியாகவேண்டும். இல்லாவிட்டால் ஒரே வகை மாத்திரை இரண்டு பக்கமிருந்தும் வரும். மறைக்கவேண்டியதையும் சொல்லவேண்டியதையும் பிரித்துப் பார்க்கவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது. மருத்துவப் பதிவுகளை நுண்ணுணர்வுத் தகவல், அதாவது கூடுதல் கவனத்தோடு காக்கவேண்டிய தகவல், என்று வகைப்படுத்தும் 2011ஆம் ஆண்டு விதிகள் இன்னும் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி எழுத்தில் ஒப்புதல் வாங்கவேண்டும், குறைதீர் அலுவலர் ஒருவரை அறிவிக்கவேண்டும். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரவேண்டும். அந்தச் சட்டத்தில் உங்கள் அப்பாவுக்கு மிகவும் பயன்படக்கூடியது ஒன்று உண்டு. எந்தத் தகவலை எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் பெற்றுக்கொள்ளலாம். தமிழ் அதில் இருக்கிறது. இப்போதே தமிழில் கேளுங்கள். பத்துப் பக்க ஆங்கிலப் படிவத்தில் அப்பா போடும் கையெழுத்தை ஒப்புதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒப்புதல் கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடியவேண்டும். தவறான தகவலைத் திருத்தக் கேட்கலாம். தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமின்றிச் சொல்லவேண்டும், 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு விரிவான அறிக்கை தரவேண்டும் என்பதெல்லாம் அதில் வருகின்றன. போதிய பாதுகாப்பு வைக்காத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும், அப்பாவுக்கு ஒரு பைசா வராது. இழப்பீடு கேட்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருக்கும் 43ஏ பிரிவும், புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது நீக்கப்படுகிறது. இது நோயாளிக்குச் செய்யப்பட்ட அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி இருக்கிறது. அதற்கு உங்கள் கையில் எழுத்தில் ஏதாவது இருக்கவேண்டும். ஒவ்வொன்றையும் எழுத்தில் வாங்குங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். அப்பாவின் மருத்துவப் பதிவின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலேயே இருக்கிறது.

பதிவு செய்யும்போது ஆபா எண்ணைக் கேட்பார்கள், அது மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்குக்கான 14 இலக்க எண். அது கட்டாயமில்லை. இருந்தால் கொடுக்கலாம், வேறு மருத்துவமனைக்குப் போகும்போது பதிவுகளை அப்பாவின் ஒப்புதலோடு கொண்டுபோக உதவும். ஆதார் நகலை மட்டும் காரணம் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள். காணொளி ஆலோசனைக்கென்று நாள்முழுவதும் இயங்கும் கேமராவைக் கூடத்தில் மாட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உடை மாற்றுவதும் உறங்குவதும் அங்கேதான் நடக்கும் வீட்டில் அதற்கு இடமில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்று கேட்கவேண்டும். அப்பாவிடம் பேசினீர்களா? உங்கள் கடிதத்தில் நீங்கள், அக்கா, மருத்துவமனை மூவரின் எண்ணமும் இருக்கிறது, அவருடையது இல்லை. அவர் சுயநினைவோடு தெளிவாக இருக்கிறார். ஒப்புதல் அவருடையது, உங்களுடையது அல்ல. செயலியில் கணக்கு அவர் பெயரில் இருக்கட்டும், நீங்கள் பார்ப்பதற்குத் தனி அனுமதி அவர் கொடுக்கட்டும். தன் சர்க்கரை அளவு மருமகனுக்குத் தெரியவேண்டாம் என்று அவர் நினைத்தால் அதற்கு இடம் கொடுங்கள். ‘நேற்று என்ன சாப்பிட்டீர்கள், 240 காட்டுகிறதே’ என்று தினமும் சிங்கப்பூரிலிருந்து போன் வந்தால் ஒரு மாதத்தில் அவர் அளவு பார்ப்பதையே நிறுத்திவிடுவார். அப்படி நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். எச்சரிக்கை அளவைத் தாண்டினால் மட்டும் உங்களுக்கும் அக்காவுக்கும் செய்தி வரும்படி வையுங்கள். தினசரி அளவு அவருக்கும் செவிலியருக்கும் இடையிலேயே இருக்கட்டும்.

திட்டத்திலிருந்து விலகும் நாளையும் இப்போதே யோசியுங்கள். கருவிகளைத் திருப்பிக் கொடுக்கும் முன், அவற்றில் சேமித்திருக்கும் அளவுகளை அழிக்கச் சொல்லிக் கண்முன் பார்க்கவேண்டும். போனில் புளூடூத் இணைப்பை நீக்கி, கணக்கை மூடி, பிறகே செயலியை எடுக்கவேண்டும். செயலியை மட்டும் எடுத்தால் கணக்கு சர்வரில் அப்படியே கிடக்கும். மருத்துவப் பதிவைக் குறிப்பிட்ட காலம்வரை வைத்திருக்க மருத்துவமனை கடமைப்பட்டது, அதை அழிக்கச் சொல்ல முடியாது. சேவை நிறுவனத்திடம் இருக்கும் பிரதியை அழிக்கச் சொல்லலாம். அப்பாவின் காலத்துக்குப் பிறகோ, அவர் முடிவெடுக்க இயலாத நிலையிலோ, இந்த உரிமைகளை அவர் சார்பில் யார் பயன்படுத்துவது என்று நியமிக்கவும் 2023ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அக்காவா நீங்களா என்பதை அவரே சொல்லட்டும்.

படிவத்தில் கையெழுத்தாகும் நாளில் அக்கா உடன் இருந்து ஒரு நகல் வாங்கிக்கொள்ளட்டும். தமிழ் அறிவிப்பு கிடைத்து, அதில் புரியாத பகுதி ஏதாவது இருந்தால், அப்பாவின் பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.